மூன்றாவது வண்டியின் இருக்கை

அந்தக் கார் உலகத்தில் மொத்தம் மூன்றுதான் செய்யப்பட்டது. கடையில் போய் வாங்குகிற கார் அல்ல அது. பன்னிரண்டு மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயத்துக்கென்றே, மூடிப்போன ஓர் அச்சகத்தின் பின்புறக் கொட்டகையில் ஒன்பது பேர் சேர்ந்து, அதற்கு முன் யாரும் செய்யாத மாதிரியில் கட்டிய வண்டி. முதல் வண்டி ஓட்டிப் பார்த்த அன்றே தீப்பிடித்தது. இரண்டாவதை லாரியிலிருந்து இறக்கும்போது கை நழுவி, பந்தயத் தடத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் முதுகு முறிந்தது. மூன்றாவது மட்டும் ஓடியது. அதுவும் ஒரே ஒரு பந்தயம். முப்பத்தேழு வண்டிகள் கிளம்பிப் பதினான்கு மட்டும் முடித்த அந்தப் பந்தயத்தில் அது ஏழாவதாக வந்தது. பிறகு கொட்டகையில் காசு தீர்ந்தது. ஒன்பது பேரும் ஒன்பது திசையில் போனார்கள். வண்டியும் காணாமல் போனது.

காணாமல் போனதால்தான் அதற்கு அத்தனை மவுசு. இதுவரை மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. எஞ்சினுக்கு ஒரு அத்தியாயம், பின்புற இறக்கைக்கு ஒரு அத்தியாயம், கியர்பெட்டி ஏன் அப்படி அலறியது என்பதற்கு அரை அத்தியாயம். மூன்று புத்தகத்திலும் இருக்கைக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘இருக்கை உள்ளூர்க் கடை ஒன்றில் செய்யப்பட்டது.’

அந்த உள்ளூர்க் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் குஷன்காரர் என்பார்கள். சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு ஆள் கை நீட்டினால் சுவர் இடிக்கிற அகலத்தில் ஒரு கடை. பரண் முழுக்க ரெக்ஸின் சுருள்கள், தரை முழுக்க நுரைத் துண்டுகள். தொழில் பழகியது சினிமாத் தியேட்டரில். கிழிந்த இருக்கைகளைத் தைக்கப் போனவர், படம் பார்க்காமல் படம் பார்த்தவர்களின் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. முகத்தை மறப்பார், உட்கார்ந்த இடத்தை மறக்க மாட்டார். டாக்டரிடம் போனால் காத்திருக்கும் அறையில் காலி நாற்காலிகளைப் பார்த்தே, இதில் ஒரு டிரைவர் உட்கார்ந்து போயிருக்கிறார், அதில் பர்ஸ் தடித்த ஒருவர் என்று மனைவியிடம் கிசுகிசுப்பார். மனைவி அவர் தொடையில் கிள்ளுவாள்.

மனைவிக்கும் கடையில் சரிபாதி வேலை. அளவெடுப்பதும் வெட்டுவதும் அவள்; தைப்பதும் திணிப்பதும் அவர். வலது காலை மடித்துப் போட்டு, இடது பக்கம் சாய்ந்து, தாழ்வான பலகையில் உட்கார்ந்துதான் அவருக்குத் தைக்க வரும். நாளைக்குப் பத்து மணி நேரம் அப்படி. முப்பது வயதுக்குள் இடது இடுப்பு இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. நேராக நிற்கும்போதும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது போலத்தான் நிற்பார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டகையின் தலைமை மெக்கானிக் வந்து மூன்று இருக்கை வேண்டும் என்றபோது, ஒரு வண்டிக்கு எதற்கு மூன்று என்றுதான் இவர் கேட்டார். விஷயம் என்னவென்றால், பன்னிரண்டு மணி நேரத்தை ஒரே ஆள் ஓட்ட முடியாது. மூன்று பேர் முறை போட்டு ஓட்டுவார்கள். ஆளுக்கு ஓர் உடம்பு, ஆளுக்கு ஓர் அச்சு. ஒருவர் இறங்கும்போது அவருடைய அச்சைத் தூக்கிவிட்டு அடுத்தவருடையதை உள்ளே வைப்பார்கள். கடைசியாக யார் ஓட்டுகிறாரோ அவருடைய அச்சு வண்டியிலேயே தங்கிவிடும்.

அச்சு எடுக்கும் முறையும் விசித்திரமானது. அலுமினியத் தொட்டிக்குள் தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து அதில் ஊற்றினால் நுரை பொங்கும். பொங்கும்போதே ஓட்டுநர் அதன்மேல் உட்கார வேண்டும், காலைப் பெடலுக்கும் கையை ஸ்டியரிங்குக்கும் நீட்டியபடி. நுரை சுடச்சுட எழும்பி இடுக்கெல்லாம் நிரப்பும். பன்னிரண்டு நிமிடம் ஆடாமல் அசையாமல் இருந்துவிட்டு எழுந்தால், ஆள் போன பின்னும் ஆளின் கீழ்ப்பாதி அங்கேயே இருக்கும்.

முதல் ஓட்டுநர் ஒரு பல் டாக்டர். ஏழாவது நிமிடத்தில் கூச்சம் தாங்காமல் சிரித்து அச்சைக் குலைத்தார். மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டாமவர் உட்கார்ந்தபடியே தூங்கினார், அச்சு அருமையாக வந்தது. மூன்றாமவர்தான் அணியின் முக்கியமான ஆள். பின்னாளில் அவர் மூன்று முறை சாம்பியன் ஆகி, பற்பசை விளம்பரத்தில் எல்லாம் வந்ததால் இங்கே அவரை நட்சத்திரம் என்றே சொல்லிவிடலாம்.

நட்சத்திரம் வரவில்லை. வேறோர் ஊரில் மூடுபனியில் விமானம் நின்றுவிட்டது, பந்தயத்தன்று காலையில்தான் வந்து இறங்குவார் என்று தலைமை மெக்கானிக் மருந்துக் கடைக்குப் போன் செய்து இவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அச்சு மட்டும் இன்று மாலை நாலு மணிக்குள் வேண்டுமாம். உயரம், இடுப்பு, தொடை, கால் நீளம் எல்லாவற்றையும் போனிலேயே ஒப்பித்தார். குஷன்காரர் சாக்குக்கட்டியால் ஒரு ரெக்ஸின் துண்டில் எழுதிக்கொண்டு வந்து, அளவை வைத்து ஆளைச் செய்ய முடியுமா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மனைவி துண்டை வாங்கிப் படித்தாள்.

“இது உங்க அளவுங்க.”

“என்னது?”

“போன மாசம் பேன்ட் தைக்கக் கொடுத்தோமே. இதேதான். நீங்களே உக்காந்துடுங்க.”

“அவரு எவ்வளவு பெரிய ஆளு. நான் உக்காந்தா?”

“பெரிய ஆளுக்கு அது மட்டும் வேற மாதிரியா இருக்கப் போகுது?”

அவளே திரவங்களைக் கலந்தாள், அவளே தோளை அழுத்திப் பிடித்தாள். நான்காவது நிமிடத்தில் அவருக்கு மூக்கு அரித்தது. அதையும் அவளே சொறிந்து விட்டாள். நாலு மணிக்கு அச்சு கொட்டகைக்குப் போய்விட்டது. யார் உட்கார்ந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

பந்தயத்தன்று நட்சத்திரம் வந்தார், ஏறினார், ஓட்டினார். முதல் முறை முடிந்து இறங்கியபோது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றார். முன்சக்கரங்களைத் திருப்பிச் சரி செய்தார்கள். அடுத்து ஏறிய பல் டாக்டர், வண்டி வலது பக்கம் இழுக்கிறது என்றார். சரி செய்துவிட்டார்களே, இழுக்காமல் என்ன செய்யும். நாள் முழுக்க இப்படி இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித்தான் ஏழாவது இடம். இதைப் பற்றி ஒரு புத்தகத்தில் ‘இடது இழுப்பின் மர்மம்’ என்று பதினொரு பக்கம் இருக்கிறது. படத்தோடு.

குஷன்காரர் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்ததே இல்லை. நட்சத்திரம் முதல் முறை சாம்பியன் ஆன வாரத்தில் டயர் கடைக்காரர் ஒருவர், இவருக்கா நீங்கள் அச்சு எடுத்தீர்கள், உங்கள் கடைக்கே வந்தாரா என்று கேட்டார். “வந்தாரே” என்று வாய் சொல்லிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அடுத்த ஆள் கேட்டபோது வந்தவர் உட்கார வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஆளுக்கு நட்சத்திரம் ஒரு டீ குடித்தார். இரண்டாவது சாம்பியன் பட்டத்துக்குப் பிறகு, “என் அம்மா மடிகூட இப்படி இருந்ததில்லை” என்று தழுதழுத்தார்.

மனைவி மறுக்கவே இல்லை. கத்தரிக்கோலை நிறுத்தாமல், நிமிர்ந்தும் பார்க்காமல், அவ்வப்போது திருத்தம் மட்டும் கொடுப்பாள். “ஒரு டீ இல்லைங்க, ரெண்டு.” “சர்க்கரை வேண்டாம்னாரே, மறந்துட்டீங்களா?” அதையும் சேர்த்துச் சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லை. வாடிக்கையாளர் போன பின் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பரணுக்குக் கீழே போய்விடுவாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த வண்டி ஓடியதைவிட நன்றாகவே ஓடியது. கடைப் பலகையில் நட்சத்திரத்தின் படம் ஏறியது. டாக்ஸிக்காரர்கள் ‘அந்த ஆளுக்குப் போட்ட மாதிரி’ வேண்டும் என்று தூரத்திலிருந்து வந்தார்கள். மருமகன் தன் அலுவலகத்தில் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து மேஜையில் வைத்திருந்தார்.

போன வருஷம் வண்டி கிடைத்தது. துறைமுகக் கிடங்கு ஒன்றை இடிக்கும்போது, சாக்குமூட்டைகளுக்கு அடியில். எஞ்சின் இல்லை, எண் பொறித்த தகடு இல்லை, பந்தயத்தில் ஓடிய நீல நிறத்தின்மேல் யாரோ பச்சை அடித்திருந்தார்கள். ஆனால் உள்ளே ஒரு நுரை அச்சு அப்படியே இருந்தது. ஊர் வாகன அருங்காட்சியகம் அதை வாங்கி நடு மண்டபத்தில் வைத்தது. வைத்த ஒரு மாதத்தில் வேறோர் ஊர்ப் பணக்காரர், அசல் மூன்றாவது வண்டி தன்னிடம் இருக்கிறது என்று தகட்டைக் காட்டினார். தகடு எந்த வண்டியிலும் திருகக்கூடியது. ஆனாலும் இரண்டில் ஒன்று பொய் என்பது நிச்சயமாயிற்று. எது என்று சொல்ல ஓர் ஆய்வாளரை அழைத்தார்கள்.

அருங்காட்சியகத்தின் காப்பாளர் அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு எப்போதும் பாதி ஓட்டத்தில் இருப்பவர். அவரே ஒரு மதியம் கடைக்கு வந்து, கிழிந்த சோபா ஒன்றின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அந்த அணியில் கடைசியாக ஓட்டியது நட்சத்திரம் என்று பதிவு இருக்கிறது. ஆகவே அசல் வண்டியில் தங்கியது அவருடைய அச்சுதான். அவர் பின்னால் வேறு இரண்டு அணிகளுக்குக் கொடுத்த அச்சுகளை ஆய்வாளர் வரவழைத்து அளந்து பார்த்துவிட்டார். நட்சத்திரம் கம்பம் போல நிமிர்ந்து உட்காருகிறவர். இந்த அச்சோ இடது பக்கம் சரிந்திருக்கிறது. ஆகவே இது அவருடையது அல்ல. ஆகவே வண்டியும் மிச்சம் மீதி உதிரிகளை வைத்துப் பின்னால் யாரோ ஒப்பேற்றிய நகல். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் அறிக்கை. அப்புறம் வண்டியை நடு மண்டபத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட வேண்டியதுதான்.

“அச்சு எடுத்தவர் நீங்கதானே. அன்னைக்கு அவரு உக்காந்ததை நீங்க வந்து சொன்னா ஏதாவது வழி கிடைக்கும்னு பாக்குறேன்” என்றார் காப்பாளர்.

குஷன்காரர் அன்று மாலையே போய் வண்டியைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த குழியை, தன் கையெழுத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். சாய்வு, தொடையின் மடிப்பு, எல்லாம் முப்பத்தொரு வயது அவர். ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்கை போட்டவர். எல்லாம் கிழிந்து, குப்பைக்குப் போய், எரிந்து போனவை. மிச்சம் இருக்கிற ஒரே வேலை இதுதான். அதைத்தான் நகல் என்று தள்ளப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நகல் என்று விட்டுவிட்டால் கடைப் பலகை பிழைக்கும். உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கும், பலகை போகும். டாக்ஸிக்காரர்கள், டயர் கடைக்காரர், மருமகன் எல்லோரும் வரிசையாக மனதில் வந்து நின்றார்கள். மனைவிக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை.

“வண்டி பொய்யாகணுமா, நீங்க பொய்யாகணுமா? அவ்வளவுதான் கேள்வி.”

“ரெண்டும் ஆகாம ஒரு வழி இருக்கும்” என்றார் அவர்.

இருந்தது, அவர் கணக்கில். நட்சத்திரத்துக்கு அன்று இடுப்பில் அடி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார். அதனால் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டியும் அசல், இருக்கையும் அவருடையது, கதையும் பத்திரம். புதன்கிழமை முழுக்க இதைத் தையல் போடுவது போல முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். பிரிகிற இடம் எதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மண்டபத்தில் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். பத்திரிகைக்காரர்கள், பந்தயப் பைத்தியங்கள், தகடு வைத்திருக்கும் பணக்காரரின் வக்கீல். தெருவிலிருந்து சைக்கிள் கடைக்காரரும் வந்திருந்தார். ஆய்வாளர் ஒல்லியான, மரியாதையான மனிதர். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருந்தார். யாரையும் புண்படுத்தாமல் ஒரு வண்டியைக் கொல்வது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அறிக்கையைப் பாதி படித்தபோது காப்பாளர் கை தூக்கி, அச்சு எடுத்தவரே வந்திருக்கிறார் என்றார்.

குஷன்காரர் எழுந்து மோட்டார் சைக்கிளைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். சறுக்கிய இடத்தில் மணல் கிடந்தது என்றுகூடச் சொன்னார். ஆய்வாளர் கவனமாகக் குறித்துக்கொண்டு, எந்த இடுப்பு என்று கேட்டார். இடது. எந்தக் கிழமை. பந்தயத்துக்கு முந்தின நாள், வெள்ளி. ஆய்வாளர் கோப்பைத் திறந்து ஒரு பழைய பத்திரிகைத் துண்டை எடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை மாலை, மூடுபனியில் மாட்டிய நட்சத்திரம் வேறோர் ஊர் விடுதியின் உள்ளரங்கில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிற படம். இரண்டு காலும் தரையில் இல்லை.

“அப்படின்னா அன்னைக்கு உங்க கடைக்கு வந்தது யாரு?” என்று ஆய்வாளர் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அதுதான் கொடுமை.

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றார் குஷன்காரர். கத்தவும் முடியாது, தடவிக்கொள்ளவும் முடியாது. மூன்றாவது வரிசையில் அவர் மனைவி கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“யாரும் வரலைங்க. அந்தக் குழி இவரோடதுதான். நான்தான் ஊத்தினேன், நான்தான் அமுக்கினேன்.”

மண்டபம் ஒரு வினாடி யோசித்துவிட்டுச் சிரித்தது. சிரிப்பு பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை. அவர் குஷன்காரரின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை அவரை யாரும் அந்த இடத்தில் அத்தனை மரியாதையோடு பார்த்ததில்லை.

அச்சை வெளியே எடுத்துத் தாழ்வான மேடையில் வைத்தார்கள். அறுபத்தொன்பது வயது, நடுவில் சேர்ந்த தொந்தி, முழங்கால் வலி. ஒரு பக்கம் காப்பாளர், ஒரு பக்கம் வக்கீல் என்று பிடித்துத்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. சதை முதலில் ஓரங்களில் தகராறு செய்தது. பிறகு எலும்பு தன் இடத்தைக் கண்டுபிடித்தது. மூடி பாத்திரத்தில் உட்காருவது போல அவர் உட்கார்ந்தார். ஆய்வாளர் மண்டியிட்டு ஒரு தாளை இடது இடுப்புக்கு அடியில் செருகப் பார்த்தார். நுழையவில்லை.

வக்கீல் விடவில்லை. இந்த அச்சைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே, பந்தயத்தில் இதுதான் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்றார். நியாயமான கேள்விதான். ஆய்வாளர் திரையில் பந்தயப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, கடைசிச் சுற்றில் ஒன்று. நேர்ச்சாலையில்கூட நட்சத்திரத்தின் ஹெல்மெட் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய வாழ்நாளில் எடுத்த ஆயிரம் படங்களில் இந்த ஒரு பந்தயத்தில் மட்டும்தான் அப்படி.

“இத்தனை நாளா இது ஏன்னு புரியாம இருந்தேன்” என்றார் ஆய்வாளர் மெதுவாக.

காப்பாளர் அதற்குள் நட்சத்திரத்துக்கே போன் போட்டுவிட்டார். எழுபது வயது நட்சத்திரம் முதலில் ஒன்றும் புரியாமல் கேட்டு, புரிந்த பின் விழுந்து விழுந்து சிரித்து, இருமல் வந்து போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினாராம். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு நாலு நாள் நண்டு மாதிரி நடந்ததாகச் சொன்னார். வண்டியின் மேல் பழி போட்டதற்கு மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் இருக்கிறாரா என்றும் விசாரித்தார்.

கூட்டம் கைதட்டத் தயாரானது. ஆய்வாளர் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். அச்சில் வலது இடுப்புக்கு அடியில் வட்டமாக ஒரு பள்ளம், பெரிய நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, விரல் கனம் ஆழம். வேறு ஏதோ வண்டியின் இருக்கை நுரையை வெட்டி ஒட்டிய தடயமாக இருக்கலாம் என்றுதான் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அதற்கு விளக்கம் கிடைக்காமல் கையெழுத்துப் போட முடியாது.

மனைவி முன்வந்து பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை. பாக்கெட்டை எல்லாம் காலி செய்யச் சொல்லித்தானே உட்கார வைத்தேன் என்றாள். “இது என்னங்க?”

குஷன்காரர் இன்னும் அச்சுக்குள்ளேயே இருந்தார். தூக்கிவிட யாரும் வரவில்லை. காலையிலிருந்து அவர் முகம் பல நிறம் மாறியிருந்தது. இப்போது நிறமே இல்லை.

“டப்பா” என்றார்.

“என்ன டப்பா?” என்றார் ஆய்வாளர், எழுதத் தயாராக.

“பொடி டப்பா, சார். மூக்குப்பொடி.”

இதில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அவர்களுக்கு மகள் பிறந்தாள். பிள்ளை தும்முகிறது, இனிமேல் இந்தச் சனியனைத் தொட்டால் வீட்டுக்கு வரக் கூடாது என்று மனைவி சொன்னாள். பிள்ளையின் தலையில் கை வைத்து அவர் சத்தியம் செய்தார். அன்றோடு விட்டார். அவளுக்கு மூன்று அக்காக்கள். மூன்று அத்தான்களும் சிகரெட், சீட்டு, வெற்றிலை என்று எதையும் விடாதவர்கள். ஒரே சொல்லில் புருஷனை நிறுத்திய கதையை முப்பத்தெட்டு வருஷமாக அவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் வயிற்றில் அவள் வளர்த்த நெருப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. நட்சத்திரம் டீ குடித்ததெல்லாம் கணவரின் பெருமை. இது அவளுடையது.

“சத்தியம் பண்ணி ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சே” என்றாள்.

“ஆமா.”

“அப்ப எப்ப விட்டீங்க?”

அவர் உதவிக்கு ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

“எப்பன்னு கேட்டேன்.”

“டாக்டர் சொன்னப்போ. போன வருஷம்.”

“முப்பத்தேழு வருஷம் எங்க வெச்சுப் போட்டீங்க?”

பின்வரிசையில் சைக்கிள் கடைக்காரர் மண்டபத்தின் கூரையைத் திடீரென்று மிகுந்த ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தார். அவளுக்கு அது போதும்.

ஆய்வாளருக்கு மட்டும் அளவில்லாத மகிழ்ச்சி. இப்படி ஒரு விவரத்தை யாராலும் கற்பனை செய்ய முடியாது, அறிக்கையிலேயே பலமான வரி இதுதான் என்றார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வண்டி அசல் என்று கையெழுத்துப் போட்டார். கைதட்டல், படங்கள், வக்கீல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காப்பாளர் அழுதே விட்டார். கொண்டாட்டத்தின் நடுவில், அச்சிலிருந்து இன்னும் எழ முடியாத மனிதரைத் தாண்டி அவர் மனைவி நேராக ஆய்வாளரிடம் போனாள். அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொன்னாள். அறிக்கையை மாற்ற முடியாது என்றார் அவர். அறிக்கையை யார் படிக்கப் போகிறார்கள், வண்டிக்கு முன்னால் வைக்கிற பலகையைச் சொல்கிறேன் என்றாள் அவள். காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கென்ன, செய்துவிடலாம் என்றார்.

நடு மண்டபத்தில் இப்போது இருக்கும் பலகையில், இருக்கை யார் உடம்பில் எடுத்தது, கலவையை ஊற்றியது யார் எல்லாம் இருக்கிறது. வட்டப் பள்ளம் பற்றி, ‘பின்பாக்கெட்டில் இருந்த ஒரு சிறு டப்பாவின் தடம்’ என்று மட்டும் இருக்கிறது.

கடைப் பலகையில் நட்சத்திரத்தின் படம் போய்விட்டது. வேலை ஒன்றும் குறையவில்லை. சாம்பியனையே நாலு நாள் நண்டு நடை நடக்க வைத்த ஆளைப் பார்க்க டாக்ஸிக்காரர்கள் இன்னும் தூரத்திலிருந்து வருகிறார்கள். மருமகன் மேஜையில் புதுப் படம் வைத்திருக்கிறார், மாமனார் அச்சுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுகிற படம். வீட்டில் பதினோரு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பன்னிரண்டாம் நாள் பேச்சு திரும்பியது, ஒரு ஏற்பாட்டோடு. இனிமேல் கதையைச் சொல்வது அவள்.

போன வாரம் அவளுடைய மூத்த அக்கா சோபா மெத்தை மாற்றக் கடைக்கு வந்தாள். அருங்காட்சியகம் போய்ப் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அது என்னடி டப்பா?”

“ஊசி டப்பாக்கா” என்றாள் இவள், கத்தரிக்கோலை நிறுத்தாமல். “வளைஞ்ச ஊசி வெப்பாரு. பொடியெல்லாம்தான் அதுக்கு முன்னாடியே விட்டாச்சே. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அன்னைக்கே தூக்கிப் போட்டாரு. அத்தானுக்கு இப்ப எப்படி, சிகரெட் இன்னும் நாலு பாக்கெட்தானா?”

அக்கா முகம் கடுத்து, அது உண்மையா என்பது போலக் குஷன்காரர் பக்கம் திரும்பினாள். அவர் தாழ்வான பலகையில் இடது பக்கமாகச் சாய்ந்து, மெத்தைக்கு ரெக்ஸின் இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். உதடுகளுக்கு நடுவே ஏழெட்டு ஆணிகள். தலையை மட்டும் ஆட்டினார்.